ஒரே வாசிப்பில் எத்தனை பிளாக்?

மாதக் கடைசி என்றாலே எனக்கு அந்த இருப்பு அறிக்கைதான் நினைவுக்கு வரும். ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் ஆரக்கிள் தரவுத்தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் நான் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. சரக்கின் ஒவ்வொரு வரவும் வெளியேற்றமும் ஒரு பதிவாகச் சேரும் பெரிய அட்டவணை ஒன்றை, முதல் பிளாக்கிலிருந்து (பிளாக் என்பது தரவுத்தளம் வட்டில் தரவை வைக்கும் சிறு அலகு) கடைசி பிளாக் வரை வாசித்து அந்த அறிக்கை கணக்குப் போடும். இரவில் தொடங்கி விடியலுக்குள் முடிந்துவந்த வேலை மாதத்துக்கு மாதம் நீண்டு, கடைசியில் கிடங்கு திறக்கும் நேரத்தையும் தாண்டி ஓடத் தொடங்கியது. அதை விரைவாக்கும்படி என்னிடம் சொன்னார்கள். நான் செய்த முதல் மாற்றம் அறிக்கையைச் சிறிதும் விரைவாக்கவில்லை. மறுநாள் காலையில் மற்ற வேலைகளை மட்டும் முடக்கியது. அது ஏன் அப்படி ஆனது என்பதை முழுமையாகப் புரிந்துகொள்ள எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. ஒரே வாசிப்பில் எத்தனை பிளாக் எடுக்கலாம் என்று சொல்லும் பாராமீட்டரை, அதாவது அமைப்பு மதிப்பை, நான் செய்ததுபோலக் கூட்டிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முழு அட்டவணை வாசிப்பு, அதாவது ஃபுல் டேபிள் ஸ்கேன், எப்போதுமே குற்றம் என்று எண்ணுவோர் உண்டு. அந்த அறிக்கையைப் பொறுத்தவரை அது சரியான வழி. அட்டவணையின் பெரும்பகுதிப் பதிவுகள் தேவைப்படும்போது, பதிவுகள் இருக்கும் இடத்தைக் காட்டும் இன்டெக்ஸ் வழியாகப் போனால், ஒவ்வொரு பதிவுக்கும் ஏறக்குறைய ஒரு பிளாக் வீதம், ஒரே பிளாக்கைப் பலமுறைகூடத் தேடிப் போக நேரிடும். முழு வாசிப்பிலோ அடுத்தடுத்த பிளாக்குகளைக் கொத்தாக ஒரே கோரிக்கையில் வட்டிலிருந்து எடுக்கலாம். ஒரு கொத்தில் அதிகபட்சம் எத்தனை பிளாக் இருக்கலாம் என்று வரையறுப்பதுதான் டிபி ஃபைல் மல்டிபிளாக் ரீட் கவுண்ட் என்ற பாராமீட்டர். பழைய பதிப்புகளில் இதன் இயல்பு மதிப்பு 8. பிளாக் அளவு 8 கேபி என்றால் ஒரு கோரிக்கைக்கு 64 கேபி. எங்கள் தரவுத்தளத்தில் இது 16 என்று எழுதப்பட்டிருந்தது. 9ஐ பதிப்புக் காலத்தில் யாரோ வைத்த மதிப்பு அது. 10ஜி ரிலீஸ் 2 பதிப்புக்கு மாறியபோதும் பாராமீட்டர் கோப்போடு அப்படியே கூட வந்துவிட்டது.

16 எனக்கு மிகச் சிறியதாகத் தோன்றியது. பெரும்பாலான இயங்குதளங்களில் ஒரே கோரிக்கையில் 1 எம்பி வரை வாசிக்க முடியும் என்று படித்திருந்தேன். 8 கேபி பிளாக்குக்கு அது 128 பிளாக். எனவே மாலையில் முழுத் தரவுத்தளத்துக்குமாக அந்த மதிப்பை 128 ஆக மாற்றிவிட்டு, அன்றிரவு அறிக்கை எட்டு மடங்கு இல்லாவிட்டாலும் இரண்டு மடங்காவது வேகமாக ஓடும் என்று நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனேன்.

அறிக்கை வழக்கமான நேரத்தையே எடுத்துக்கொண்டது. காலை ஒன்பதரை மணிக்குக் கிடங்கு அலுவலர்களிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. ஒரு வழங்குநரிடமிருந்து சில வாரங்களில் வந்த சரக்கைக் காட்டும் திரை, முந்தைய நாள் வரை உடனுக்குடன் திறந்துவந்தது, இப்போது நிமிடக்கணக்கில் நின்றது. பார்த்தால், அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த வினவல் (தரவைக் கேட்கும் கட்டளை) இன்டெக்ஸைக் கைவிட்டு முழு அட்டவணை வாசிப்புக்கு மாறியிருந்தது. பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் அதே பெரிய அட்டவணையை அடியிலிருந்து முடி வரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது புரியாமல் இருந்தது இதுதான்: அந்தப் பாராமீட்டரை இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் வட்டிலிருந்து பிளாக்குகளை எடுத்துவரும் வாசிப்புப் பகுதி. மற்றவர், வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவுசெய்யும் ஆப்டிமைசர். நான் வாசிப்புப் பகுதிக்கு மட்டுமே சொல்வதாக எண்ணிச் சொன்னது ஆப்டிமைசரின் காதிலும் விழுந்தது. வாசிப்புப் பகுதிக்கு 128 என்பது ஒரு மேல்வரம்பு மட்டுமே. அதற்குக் குறைவாக வாசிக்க அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆப்டிமைசரோ ஒவ்வொரு வாசிப்பிலும் 128 பிளாக் கிடைத்துவிடும் என்று முழுமையாக நம்பிக் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது எந்த விளக்கத்தையும்விடத் தெளிவைத் தரும். வட்டு, சிபியு ஆகியவற்றின் வேகத்தை அளந்து சொல்லும் அமைப்புப் புள்ளிவிவரங்களை யாரும் திரட்டாத தரவுத்தளத்தில், வட்டு ஓரிடத்தைத் தேடிச் சேர 10 மில்லி வினாடி ஆகும் என்றும், அதன்பின் ஒரு மில்லி வினாடிக்கு 4,096 பைட் வந்து சேரும் என்றும் ஆரக்கிள் இயல்பாக வைத்துக்கொள்கிறது. 8 கேபி பிளாக் ஒன்றைத் தனியாக வாசிக்க 10 கூட்டல் 2, ஆக 12 மில்லி வினாடி. 16 பிளாக் கொத்தை வாசிக்க 10 கூட்டல் 32, ஆக 42. இப்போது 10,000 பிளாக் உள்ள ஒரு அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 16 வீதம் வாசித்தால் 625 வாசிப்புகள். ஒவ்வொன்றும் மூன்றரைத் தனி வாசிப்புகளுக்குச் சமம். ஆக செலவு ஏறத்தாழ 2,188. மதிப்பை 128 ஆக்கினால் ஏறத்தாழ 78 வாசிப்புகளே போதும். ஆனால் ஒவ்வொன்றும் 266 மில்லி வினாடி, அதாவது 22 தனி வாசிப்புகளுக்குச் சற்றே மேல். ஆக செலவு 1,732 அளவுக்கு இறங்குகிறது. சிபியு செலவை இதில் சேர்க்கவில்லை. அது தனியாகக் கூடும். இன்டெக்ஸ் வழிக்கு 1,900 என்று ஆப்டிமைசர் மதிப்பிட்டிருந்த ஒரு வினவல் முந்தைய நாள் இன்டெக்ஸையே தேர்ந்திருக்கும். என் மாற்றத்துக்குப் பிறகு முழு வாசிப்பைத் தேர்ந்திருக்கும். அட்டவணையில் ஒரு பதிவுகூட மாறவில்லை, வட்டு மாறவில்லை, வினவலில் ஓர் எழுத்து மாறவில்லை.

இதே கணக்கில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 8-லிருந்து 16-க்குப் போகும்போது செலவு 2,708-லிருந்து 2,188-க்கு, ஏறக்குறைய 520 குறைகிறது. 64-லிருந்து 128-க்குப் போகும்போது 1,797-லிருந்து 1,732-க்கு, வெறும் 65-தான் குறைகிறது. எவ்வளவு பெரிய கொத்தாக வாசித்தாலும் 1,667-க்குக் கீழே அது இறங்கவே முடியாது. தேடும் நேரத்தைத்தான் பங்கிட்டுக் குறைக்க முடியுமே தவிர, பைட்டுகள் வந்து சேரும் நேரத்தைக் குறைக்க முடியாது. எட்டு மடங்கு என்ற என் எதிர்பார்ப்புக்கு ஆரக்கிளின் சொந்தக் கணக்கிலேயே இடம் இருக்கவில்லை.

அன்று காலையிலேயே மதிப்பைப் பழையபடி 16-க்குத் திருப்பினேன். நடந்ததைக் கேட்ட மூத்த டிபிஏ (தரவுத்தள நிர்வாகி) ஒருவர், "தம்பி, அந்த அறிக்கைக்கு டிரேஸ் எடுத்துப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். வினவல் ஓடும்போது நடப்பதைக் கோப்பில் பதியும் அந்த டிரேஸை நான் எடுக்கவில்லை. எட்டு மடங்கு கூட்டிய பிறகும் அறிக்கை ஏன் ஒரு நிமிடம்கூட வேகமாகவில்லை என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் அங்கேதான் தேட வேண்டும்.

எஸ்க்யூஎல் டிரேஸை 10046 நிகழ்வின் எட்டாம் நிலையில் இயக்கினால், ஒவ்வொரு காத்திருப்பும் கோப்பில் ஒரு வரியாக விழும். கொத்து வாசிப்பு டிபி ஃபைல் ஸ்கேட்டர்டு ரீட் என்ற பெயரிலும், ஒற்றை பிளாக் வாசிப்பு டிபி ஃபைல் சீக்வென்ஷியல் ரீட் என்ற பெயரிலும் வரும். வட்டில் வரிசையாக இருப்பவற்றை வாசிப்பதற்குச் சிதறல் என்று பெயர் வைத்திருப்பது முதலில் குழப்பத்தையே தரும். வட்டிலிருந்து சேர்ந்து வரும் பிளாக்குகள் நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களில் அமராமல் கிடைத்த இடங்களில் சிதறி அமர்வதால்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு வரியின் கடைப்பகுதியிலும் அந்த வாசிப்பில் எத்தனை பிளாக் வந்தது என்ற எண் இருக்கும். நான் 128-ஐத் தேடிக்கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தேன். கண்ணில் பட்டவை 16, 16, 5, 10, 16, 3, பிறகு ஒரு ஒற்றை வாசிப்பு, 7, 16. அறிக்கைக்கான அமர்வில் மட்டும் 128 என்று வைத்து ஓட்டிய டிரேஸ் அது. ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்றில்கூட 16-ஐத் தாண்டிய எண் இல்லை.

16-ஐத் தாண்டாததற்குக் காரணம் அட்டவணை இருந்த டேபிள்ஸ்பேஸ், அதாவது அட்டவணைகளை வைக்கும் சேமிப்புப் பகுதி. பஃபர் கேஷ் (வாசித்த பிளாக்குகளைத் தங்கவைக்கும் பொது நினைவகம்) வழியாக நடக்கும் கொத்து வாசிப்பு ஓர் எக்ஸ்டென்ட்டின், அதாவது அட்டவணைக்கு ஒரே தடவையில் ஒதுக்கப்படும் அடுத்தடுத்த பிளாக்குகளின் தொகுதியின், எல்லையைத் தாண்டி அடுத்ததற்குள் போகாது. எங்கள் அட்டவணை, 128 கேபி அளவுள்ள ஒரே மாதிரியான எக்ஸ்டென்ட்டுகள் கொண்ட பழைய டேபிள்ஸ்பேஸில் இருந்தது. 128 கேபி என்றால் 16 பிளாக். பாராமீட்டரில் என்ன எழுதினாலும் அதற்கு மேல் ஒரே வாசிப்பில் கிடைக்க வழியே இல்லை. அந்தப் பழைய 16 இதைக் கணக்கிட்டே வைக்கப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன். அதை வைத்தவர் தன் அட்டவணைகளை நன்றாக அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். எக்ஸ்டென்ட் அளவும் கொத்தின் அளவும் ஒன்றுக்கொன்று வகுபடாமல் இருந்தாலும் இழப்பு உண்டு: 10 பிளாக் எக்ஸ்டென்ட்டை 8 வீதம் வாசித்தால், ஒவ்வொரு எக்ஸ்டென்ட்டுக்கும் 8 பிளாக்குக்கு ஒரு வாசிப்பு, மீதி 2 பிளாக்குக்கு இன்னொரு வாசிப்பு.

இடையிடையே வந்த 5, 10, 3, 7 ஆகிய எண்களின் கதை வேறு. கொத்தின் நடுவில் உள்ள ஒரு பிளாக் ஏற்கெனவே பஃபர் கேஷில் இருந்தால், ஆரக்கிள் அதை மறுபடி வட்டிலிருந்து எடுப்பதில்லை. அதற்கு முந்தைய பிளாக்கோடு வாசிப்பை முடித்துக்கொண்டு, அதற்கு அடுத்ததிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. பகலெல்லாம் அலுவலர்கள் இன்டெக்ஸ் வழியாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்ட பிளாக்குகள் கேஷில் தங்கிவிடுகின்றன. 16 பிளாக் எக்ஸ்டென்ட்டில் ஆறாவது பிளாக் மட்டும் கேஷில் இருந்தால் வாசிப்பு 5 ஆகவும் 10 ஆகவும் உடையும். டிரேஸில் நான் பார்த்த அதே 5, 10. இரண்டு கேஷ் பிளாக்குகளுக்கு நடுவே ஒரே ஒரு பிளாக் மிஞ்சினால் அது ஒற்றை வாசிப்பாகப் பதிவாகும். முழு வாசிப்பின் டிரேஸுக்குள் சீக்வென்ஷியல் ரீட் எப்படி வந்தது என்று திகைப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கேஷ் பெரிதாக இருப்பது எப்போதும் நன்மையே என்று நம்பியிருந்த எனக்கு, பாதி கேஷில் இருக்கும் அட்டவணையை வாசிக்க, முற்றிலும் கேஷில் இல்லாத அட்டவணையை வாசிப்பதைவிட அதிகமான கோரிக்கைகள் தேவைப்படக்கூடும் என்பது பெரிய பாடமாக இருந்தது. ஒன்றுவிட்டு ஒன்றாக பிளாக்குகள் கேஷில் இருக்கும் நிலையைக் கற்பனை செய்து பாருங்கள்: 16 பிளாக் எக்ஸ்டென்ட்டுக்கு ஒரே வாசிப்பு போதுமானதாக இருந்த இடத்தில் எட்டு ஒற்றை வாசிப்புகள்.

மூன்றாவது காரணம்தான் மிகப் பெரியதாக இருந்தது. அந்த அட்டவணையில் சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகளை ஆண்டுதோறும் டெலீட் செய்து வந்தார்கள். டெலீட் பதிவுகளை அகற்றுமே தவிர, அட்டவணையின் உச்ச நீர்மட்டக் குறியை, ஹை வாட்டர் மார்க்கை, கீழே இறக்காது. முழு அட்டவணை வாசிப்பு அந்தக் குறி வரை உள்ள எல்லா பிளாக்குகளையும், காலியாக இருப்பவற்றையும் சேர்த்து, வாசித்தே தீரும். டெலீட் காலி செய்த இடத்தைப் புதிய பதிவுகள் நிரப்பிக்கொள்ளும் என்று சொல்லலாம். எங்களிடம் தினசரிப் பதிவுகளின் பெரும்பகுதி, அப்பெண்ட் குறிப்போடு ஓடிய இரவுநேர ஏற்றம் வழியாக வந்தது. அந்த நேரடி ஏற்றம் காலியிடங்களைத் திரும்பிப் பார்க்காமல் எப்போதும் குறிக்கு மேலேயே பதிவுகளை அடுக்கிக்கொண்டு போகும். ஆகவே கீழே காலியிடம் பெருகியது, மேலே அட்டவணை வளர்ந்தது, ஆண்டுக்கு ஆண்டு அந்த அறிக்கை வெற்று பிளாக்குகளை வாசித்துக்கொண்டிருந்தது. மாதத்துக்கு மாதம் அது நீண்டதற்கு வியாபாரம் வளர்ந்ததே காரணம் என்று அனைவரும் எண்ணியிருந்தோம். பதிவுகளின் சராசரி நீளத்தைப் பதிவுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அட்டவணை பிடித்திருந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் என்னை உறைய வைத்தது.

எனவே தீர்வு பாராமீட்டரில் இல்லை, அட்டவணையைப் புதிதாக அடுக்குவதில் இருந்தது. 10ஜி பதிப்பில் அட்டவணையை இருந்த இடத்திலேயே சுருக்கும் ஷ்ரிங்க் ஸ்பேஸ் என்ற வசதி வந்திருந்தாலும், அதற்குத் தானியங்கி இட மேலாண்மை கொண்ட டேபிள்ஸ்பேஸ் வேண்டும். எங்களுடையது பழைய முறையில் இருந்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை தரவுத்தளத்துக்கு ஓய்வு நேரம் வாங்கிக்கொண்டு, எக்ஸ்டென்ட் அளவைத் தானாகத் தேர்ந்துகொள்ளும் புதிய டேபிள்ஸ்பேஸுக்கு அட்டவணையை மூவ் செய்தோம். மூவ் செய்தால் பதிவுகளின் முகவரிகள் எல்லாம் மாறிவிடுவதால் அந்த அட்டவணையின் இன்டெக்ஸ்கள் அனைத்தும் பயன்படாமல் போகும். அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி கட்டி முடிக்க மாலையாகிவிட்டது. 12.2 பதிப்பிலிருந்து ஆன்லைன் மூவ் வந்துவிட்டபடியால், இன்டெக்ஸ்களைப் பராமரித்துக்கொண்டே, பயனர்களை நிறுத்தாமல் இதைச் செய்ய முடிகிறது. இந்தப் புதிய வகை டேபிள்ஸ்பேஸில் அட்டவணை வளர வளர எக்ஸ்டென்ட்டுகள் 64 கேபியிலிருந்து 1 எம்பி, 8 எம்பி என்று பெரிதாகிக்கொண்டே போகும். 8 எம்பி எக்ஸ்டென்ட்டில் 1,024 பிளாக்; 128 வீதம் எட்டு வாசிப்புகளில் ஏறக்குறைய முழுவதும் முடிந்துவிடும்.

பாராமீட்டரை என்ன செய்தோம் என்றால், 16-ஐயும் 128-ஐயும் விட்டுவிட்டு, பாராமீட்டர் கோப்பிலிருந்து அந்த வரியையே ரீசெட் கட்டளையால் நீக்கித் தரவுத்தளத்தை மறுபடி தொடங்கினோம். 10ஜி ரிலீஸ் 2 முதல், அந்த மதிப்பை நாம் எழுதாமல் விட்டால் ஆரக்கிள் இரண்டு வாசகர்களையும் தனித்தனியாக நடத்துகிறது. வாசிப்புப் பகுதி, இயங்குதளம் திறமையாகத் தாங்கக்கூடிய பெரிய அளவை, பெரும்பாலும் 1 எம்பியை, எடுத்துக்கொள்கிறது. ஆப்டிமைசரோ தன் செலவுக் கணக்குக்கு 8 என்ற அடக்கமான எண்ணையே பயன்படுத்துகிறது. நான் விரும்பியது துல்லியமாக இதுதான். அதை அடைய ஒன்றும் எழுதாமல் இருப்பதே வழி என்று தெரியாமல் 128-ஐ எழுதியிருந்தேன். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எங்கள் ஆப்டிமைசர் 16-லிருந்து 8-க்கு மாறியதால் முழு வாசிப்பின் செலவு கூடி, வேறு சில வினவல்கள் இன்டெக்ஸ் பக்கம் சாயக்கூடும். முக்கியமான வினவல்களின் பிளான்களை (ஆப்டிமைசர் தேர்ந்த வழிகளை) முன்கூட்டியே சோதனைத் தரவுத்தளத்தில் எடுத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் அதைச் செய்தோம். உண்மையான வேலை ஓடும் நேரத்தில் அமைப்புப் புள்ளிவிவரங்களைத் திரட்டி, அளந்த கொத்து அளவை ஆப்டிமைசருக்குக் கொடுத்தால் இந்தப் பாராமீட்டர் செலவுக் கணக்கிலிருந்தே விலகிவிடும். பகல் வேலையும் இரவு வேலையும் முற்றிலும் வேறான எங்கள் தரவுத்தளத்தில் எந்த நேரத்தை அளப்பது என்று முடிவுசெய்ய முடியாததால் நான் அந்த வழியில் போகவில்லை.

கேஷில் இருக்கும் பிளாக்குகளால் வாசிப்பு உடைவதற்கு வேறு மருந்து தேவைப்பட்டது. அறிக்கையின் வினவலை இணையாக, பேரலல் முறையில், ஓடும்படி செய்தோம். இணை வினவல்கள் பெரிய அட்டவணையை பஃபர் கேஷுக்கு வெளியே, நேராகத் தங்கள் சொந்த நினைவகத்துக்குள் வாசிக்கின்றன. அப்படி வாசிக்கும்போது கேஷில் எது இருக்கிறது என்பது குறுக்கிடுவதில்லை. கேஷில் மாற்றப்பட்டு இன்னும் வட்டுக்கு எழுதப்படாத அந்த அட்டவணையின் பிளாக்குகளை மட்டும் முன்கூட்டியே எழுதி முடிக்க வேண்டும். இரவில் அது சிறிய வேலை. 11ஜி வந்தபின் தனி ஓட்டத்தில் நடக்கும் பெரிய முழு வாசிப்புகளுக்கும் ஆரக்கிள் தானாகவே இந்த வழியைத் தேர்ந்துகொள்கிறது; டிரேஸில் அது டைரக்ட் பாத் ரீட் என்று வரும். இதற்கும் ஒரு விலை உண்டு: அப்படி வாசித்தவை கேஷில் தங்குவதில்லை என்பதால், அடுத்த முறை வாசிக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி வட்டிலிருந்தே எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஓடும் அறிக்கைக்கு அது இழப்பே அல்ல. ஒரு மணி நேரத்தில் பத்து முறை வாசிக்கப்படும் நடுத்தர அட்டவணைக்கு அது பெரிய இழப்பு.

லினக்ஸின் பக்கம் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ஆரக்கிள் 1 எம்பி கேட்டாலும், வட்டுச் சாதனத்தின் மேக்ஸ் செக்டர்ஸ் கேபி என்ற மதிப்பு 512 ஆக இருந்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை இரண்டாக உடைத்தே கீழே அனுப்பும். மல்டிபாத் (ஒரே வட்டுக்குப் பல பாதைகள்) பயன்படுத்துவோர் மேலே உள்ள சாதனத்திலும் அதன் அடியில் உள்ள ஒவ்வொரு பாதையிலும் இதைப் பார்க்க வேண்டும். ரீட் அஹெட் (கெர்னல் கேட்கும் முன்பே வாசித்துவைப்பது) அளவைக் கூட்டினால் வேகம் வரும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆரக்கிள் டைரக்ட் ஐஓ முறையில் வாசிக்கும்போது கெர்னலின் பக்கக் கேஷ் (பேஜ் கேஷ்) இடையில் வருவதே இல்லை, ஆகவே அங்கே அந்த மதிப்புக்கு வேலை இல்லை.

அட்டவணையை மாற்றி அடுக்கிய அடுத்த மாதக் கடைசியில் நான் அலுவலகத்திலேயே தங்கினேன். இணை ஓட்டத்தை இயக்கும் முன்பு ஒப்பீட்டுக்காகப் பழைய முறையிலேயே ஒருமுறை அறிக்கையை ஓட்டி, டிரேஸ் கோப்பு வளர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிகளின் கடைசியில் 128, 128, 128 என்று விழுந்துகொண்டே வந்தது. சில இடங்களில், பகலில் யாரோ தொட்ட பிளாக்கின் அருகே, 77 என்றும் 50 என்றும் உடைந்து, மறுபடி 128-க்குத் திரும்பியது. அன்று அறிக்கை முடிந்தபோது வெளியே இன்னும் இருட்டாகவே இருந்தது.